ஆப்டிமஸ் பிரைமுக்கு ஆறு சுற்றுத் தேர்வு

சிவப்பு லாரி ஒன்று. பின்பக்கத்தை இழுத்தால் இரண்டு கால். பக்கவாட்டைத் திருப்பினால் இரண்டு கை. கூரையைப் புரட்டினால் நீலத் தலை. லாரியின் முன்கண்ணாடி இப்போது மார்பு! கையில் கறுப்புத் துப்பாக்கியைச் செருகிவிட்டால் ஆப்டிமஸ் பிரைம் சண்டைக்குத் தயார்.

உருமாறும் ரோபோ பொம்மைகளில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர் இவர்தான். 1984-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, இவருடைய பெட்டியின் பின்புறத்தில் ஒரு மதிப்பெண் பட்டியலை அச்சிட்டிருந்தார்கள். வலிமை, அறிவு, வேகம், தாங்குதிறன், பதவி, துணிச்சல், சுடுதிறன், திறமை என எட்டுப் பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். வேகத்திலும் சுடுதிறனிலும் ஆப்டிமஸுக்கு எட்டு; மற்ற ஆறிலும் பத்துக்குப் பத்து!

அந்தப் பட்டியலை வெறுங்கண்ணால் படிக்க முடியாது. குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்புக் கோடுகள் மறைத்துக்கொண்டிருக்கும். கூடவே தரும் சிவப்பு பிளாஸ்டிக் பட்டையை மேலே வைத்தால்தான் உண்மையான வரைபடம் தெரியும். எப்படி? சிவப்புப் பட்டை சிவப்பு ஒளியை மட்டும்தான் தன் வழியே விடும். அதனால் வெள்ளைக் காகிதமும் சிவப்பாகத் தெரியும், சிவப்புக் கோடும் சிவப்பாகத் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்க் கோடு மறைந்துவிடும். நீலக் கோட்டிலிருந்து சிவப்பு ஒளி ஏறக்குறைய வராது. அது மட்டும் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு கிடைத்தால், நண்பனுக்கு நீங்களும் இப்படி ரகசியக் கடிதம் எழுதலாம்.

சரி, அந்த மதிப்பெண்ணைப் போட்டது யார்? பொம்மையை விற்ற கம்பெனியே! காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? ஆகவே விடைத்தாளை நாம் இயற்பியலிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வோம். மொத்தம் ஆறு சுற்று. உங்களிடம் எந்த உருமாறும் ரோபோ இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் வீரர் அறிமுகம்

ஆப்டிமஸ் பிறந்த ஊர் ஜப்பான். அங்கே தகாரா என்ற பொம்மை நிறுவனம் 1980-ல் 'டையாகுளோன்' என்ற வரிசையைத் தொடங்கியது. அதில் ரோபோக்களுக்கு உயிர் கிடையாது. காலில் காந்தம் வைத்த குட்டி மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து அவற்றை ஓட்டுவார்கள். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இந்தப் பொம்மைகளைப் பார்த்தது. விற்கும் உரிமையை வாங்கி, 1984-ல் புதுப் பெயரும் புதுக் கதையும் கொடுத்தது. 'இவை ஓட்டுநர் தேவையில்லாத உயிருள்ள ரோபோக்கள். சைபர்ட்ரான் என்ற கிரகத்திலிருந்து வந்தவை. ஆட்டோபாட்கள் நல்லவர்கள், டிசெப்டிகான்கள் கெட்டவர்கள்' என்பது கதை. அதே ஆண்டில் கார்ட்டூன் தொடரும் வந்தது.

கதை மாறினாலும் அச்சு மாறவில்லை. அதனால்தான் ஆப்டிமஸின் டிரெய்லரைத் திறந்தால், உள்ளே இருக்கும் இயந்திரக் கையில் ஒரு குட்டி ஓட்டுநர் உட்காரும் இடம் இன்றும் காலியாக இருக்கிறது!

சுற்று 1: உருமாற்றம்

உங்கள் முழங்கையை அசைத்துப் பாருங்கள். கதவைப் போல ஒரே போக்கில் மடங்கும், விரியும். இது கீல் மூட்டு. இப்போது தோளைச் சுழற்றுங்கள். முன்னே, பின்னே, பக்கவாட்டில், வட்டமாக, எப்படி வேண்டுமானாலும் போகிறது. இது பந்துக் கிண்ண மூட்டு. எலும்பின் உருண்டை முனை, கிண்ணம் போன்ற குழியில் உட்கார்ந்திருக்கிறது.

உருமாறும் பொம்மைக்குள் இருப்பதும் இந்த இரண்டு வகை மூட்டுகள்தாம். ஒரு உலோக ஊசியைச் செருகினால் கீல் மூட்டு. ஒரு பிளாஸ்டிக் உருண்டையைக் குழிக்குள் அழுத்தினால் பந்து மூட்டு. இவற்றோடு இழுத்து நீட்டும் தண்டவாளம் போன்ற பாகங்கள் சில.

மூட்டு போடுவது எளிது. கடினமான வேலை வேறு. லாரியாக இருக்கும்போது தலையும் கையும் எங்கே போகும்? ரோபோவாக நிற்கும்போது சக்கரங்கள் எங்கே போகும்? எதுவும் மாயமாக மறைய முடியாது. லாரியை எடை மேடையில் வைத்துப் பாருங்கள். ரோபோவாக மாற்றி மறுபடி வையுங்கள். ஒரு கிராம்கூடக் கூடாது, குறையாது. ஆகவே வடிவமைப்பாளர் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வேலை கொடுக்கிறார். முன்கண்ணாடி மார்பாக வேண்டும். பின்சக்கரங்கள் காலோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். லாரியின் உட்புறம் தலையை ஒளித்து வைக்கும் பெட்டியாக வேண்டும்.

வரிசையும் முக்கியம். காலை விரிப்பதற்கு முன் கையைத் திருப்பினால் சில பொம்மைகளில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எந்த நொடியிலும் இரண்டு பாகங்கள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. தொழிற்சாலையில் கார் பூட்டும் ரோபோக் கையை இயக்குபவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கை எந்த வழியாகப் போனால் எதிலும் இடிக்காது என்று கணினியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறார்கள்.

2007-ல் வந்த ஹாலிவுட் படத்தில் ஆப்டிமஸ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரிந்து சேர்வார். அது கணினி வரைந்த உருவம். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போனாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. பொம்மைக்கு அந்தச் சலுகை கிடையாது. 1984-ன் பொம்மையும் ஒரே ஒரு இடத்தில்தான் ஏமாற்றுகிறது: கை முட்டிகள் லாரிக்குள் அடங்கவில்லை. தனியே கழற்றி வைத்துக்கொண்டு, ரோபோவான பிறகு செருக வேண்டும். அப்படிக் கழற்றிய முட்டியைத் தொலைத்துவிட்டு அழுத குழந்தைகள் ஏராளம்!

மதிப்பெண்: 9. முட்டிக்காக ஒன்று குறைத்தாயிற்று.

சுற்று 2: விழாமல் நிற்றல்

சண்டைக்காரன் முதலில் நிற்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். சிலம்பம் சுற்றுபவர் காலை அகட்டி, உடலைத் தாழ்த்தி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோபோவுக்கும் அதே பாடம்தான்.

ஒரு பொருளின் முழு எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். அதிலிருந்து நேர் கீழே ஒரு நூலைத் தொங்கவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நூலின் நுனி, இரண்டு பாதங்களுக்கும் இடைப்பட்ட பரப்புக்குள் இருக்கும்வரை ரோபோ நிற்கும். பரப்பைத் தாண்டியதோ, தொப்பென்று விழும்.

பரீட்சை அட்டையின் மேல் ரோபோவை நிறுத்துங்கள். அட்டையின் ஒரு ஓரத்தை மெல்ல மெல்லத் தூக்குங்கள். எந்தச் சாய்வில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சறுக்கிப் போனால் காலடியில் ஒரு துண்டு ரப்பர் ஷீட் போடுங்கள். பிறகு மூன்று மாற்றம் செய்து பாருங்கள். கால்களைச் சேர்த்து வைத்து ஒரு முறை. அகட்டி வைத்து ஒரு முறை. துப்பாக்கிக் கையை முன்னால் நீட்டி ஒரு முறை. கால் அகலும் பக்கமாகச் சாய்த்தால் நிலை கூடும். கையை நீட்டினால் ஈர்ப்பு மையம் முன்னே நகர்ந்து, அந்தப் பக்கம் சீக்கிரம் கவிழும்.

உருமாறும் ரோபோக்களுக்கு இதில் ஒரு பிறவிக் குறை உண்டு. வண்டியின் கதவு, கூரை, சக்கரம் என்று மிச்சமானவற்றை எல்லாம் முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. அதனால் ஈர்ப்பு மையம் பின்னால் போய்விடுகிறது. சமாளிக்கக் குதிகாலில் ஒரு மடிப்பு வைத்து, பாதத்தைப் பின்பக்கம் நீட்டுகிறார்கள்.

அந்தக் காலப் பொம்மைகளில் பிளாஸ்டிக்கோடு உலோக வார்ப்பும் இருக்கும். பெரும்பாலும் துத்தநாகக் கலவை. ஒரு கன சென்டிமீட்டர் துத்தநாகக் கலவை ஏறத்தாழ 6.6 கிராம் எடை, ஏ.பி.எஸ். என்ற பொம்மைப் பிளாஸ்டிக் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். ஆக, அதே அளவு உலோகம் ஆறு மடங்கு கனம். அந்தக் கனம் பாதத்தில் இருந்தால் பலம். தோளில் இருந்தால் பாரம்.

மதிப்பெண்: 6.

சுற்று 3: கோடரி வீச்சு

கார்ட்டூனின் முதல் கதையிலேயே ஓர் அணைக்கட்டின் மேல் பெரிய சண்டை நடக்கும். ஆப்டிமஸின் கை ஒளிரும் கோடரியாக மாறும். டிசெப்டிகான்களின் தலைவன் மெகாட்ரானின் கை முள் உருண்டையாக மாறும். பார்க்கப் பிரமாதம்! இப்போது உங்கள் பொம்மையின் கையில் கோடரியோ வாளோ கொடுத்து, கையை நேராக நீட்டி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கை மெதுவாக இறங்கிவிட்டதா?

காரணம் திருப்பு விசை. ஆயுதத்தின் எடை மட்டும் முக்கியமில்லை. தோள் மூட்டிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். 20 கிராம் வாள் தோளிலிருந்து 5 சென்டிமீட்டரில் இருந்தால், மூட்டு தாங்க வேண்டியது 20 × 5 = 100 பங்கு. அதே வாள் 10 சென்டிமீட்டரில் இருந்தால் 200 பங்கு. எடை ஏறவில்லை, ஆனால் மூட்டுக்கு இரட்டைப் பாரம்! முழங்கையை மடித்து வாளை உடம்போடு ஒட்டி வைத்தால் பாரம் குறையும். கையைக் கீழே தொங்கவிட்டால் மூட்டைத் திருப்பப் பார்க்கும் விசையே ஏறக்குறைய இருக்காது.

இந்தப் பாரத்தை எதிர்த்துக் கையைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. ஊசியும் துளையும் இறுக்கமாக உரசுவதால் கை நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை அசைக்கும்போதும் பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாமல் தேய்கிறது. நாளடைவில் இறுக்கம் போய் மூட்டு தொளதொளவென்று ஆகிவிடும். அதிகம் உருமாற்றி விளையாடிய ரோபோவின் கை சீக்கிரம் தொங்கிப் போவது இதனால்தான்.

பெரிய ரோபோ பொம்மைகளின் தோளைத் திருப்பினால் 'கிளிக், கிளிக்' என்று ஒலிக்கும். உள்ளே ஒரு பற்சக்கரம் இருக்கிறது. அதன் பல்லிடுக்கில் ஸ்பிரிங் வைத்த நாக்கு ஒன்று மாட்டிக்கொள்கிறது. இது உராய்வைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சக்கரத்தில் 12 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 30 பாகை. கையை 30, 60, 90 பாகைகளில் நிறுத்தலாம். 45 பாகையில் நிறுத்த முடியாது!

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கோடரி வேகமாக இறங்குகிறதே, அந்த ஆற்றல் யாருடையது? ரோபோவினுடையது இல்லை, காலையில் நீங்கள் சாப்பிட்ட இட்லியினுடையது. பொம்மைக்குத் தசையும் இல்லை, மோட்டாரும் இல்லை.

மதிப்பெண்: 4.

சுற்று 4: சுடுதிறன்

ஆப்டிமஸின் டிரெய்லரைத் திறந்தால் அது ஒரு போர்த்தளம். உள்ளே ஏவுகணை பூட்டிய இயந்திரக் கை இருக்கிறது. 'ரோலர்' என்ற ஆறு சக்கரக் குட்டி வண்டியும் உண்டு. ஸ்பிரிங் தள்ளிவிட்டால் அது சர்ரென்று வெளியே பாயும்.

ஸ்பிரிங்கை அழுத்தும்போது உங்கள் விரல் செய்யும் வேலை அதற்குள் மீள் நிலை ஆற்றலாகத் தங்குகிறது. விசையை விட்டதும் அதுவே இயக்க ஆற்றலாக மாறி ஏவுகணையைத் தள்ளுகிறது. இதில் ஒரு சுவையான கணக்கு. ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு அழுத்தினால் ஆற்றல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும்! மூன்று மடங்கு அழுத்தினால் ஒன்பது மடங்கு.

'அப்படியானால் பெரிய ஸ்பிரிங் போட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். போட மாட்டார்கள். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில், விண்வெளிக் கப்பல் பொம்மை ஒன்று சுட்ட குட்டி ஏவுகணை ஒரு சிறுவனின் தொண்டையில் சிக்கி அவன் உயிரே போனது. அதன் பிறகு சுடும் பொம்மைகள் மீது கண்டிப்பு கூடியது. ஜப்பானில் நன்றாகச் சுட்ட இதே ரோபோக்கள் அமெரிக்காவுக்கு வந்தபோது ஸ்பிரிங்கின் வலுவைக் குறைத்தே விற்றார்கள். இன்றைய பொம்மை ஏவுகணைகள் நீளமாகவும் முனை மழுங்கியும் இருப்பதற்கும் தொண்டையும் கண்ணும்தான் காரணம். ஆகவே விதி ஒன்றே: எந்தப் பொம்மையாக இருந்தாலும் முகத்தை நோக்கிச் சுடக் கூடாது.

மதிப்பெண்: 2. இந்தப் பாடத்தில் குறைந்த மதிப்பெண் வாங்குவதே நல்லது!

சுற்று 5: நிஜ அளவுக்கு வளர்ந்தால்?

படத்தில் ஆப்டிமஸின் உயரம் சுமார் எட்டரை மீட்டர். ஏறக்குறைய மூன்று மாடிக் கட்டடம். உங்கள் பொம்மை 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே 50 மடங்கு பெரிதாக்கினால் படத்து ஆப்டிமஸ் ஆகிவிடும். ஆகுமா?

நீளம் 50 மடங்கு, அகலம் 50 மடங்கு, உயரம் 50 மடங்கு. மூன்றையும் பெருக்குங்கள். எடை 1,25,000 மடங்கு! ஆனால் அந்த எடையைத் தாங்கும் முழங்காலின் குறுக்குவெட்டுப் பரப்புக்கு நீளமும் அகலமும் மட்டும்தான் கணக்கு. அது 2,500 மடங்குதான். ஆக, முழங்காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட 50 மடங்கு பாரம் சுமக்க வேண்டும். அதே பிளாஸ்டிக்கில் செய்தால் அந்த ரோபோ நிமிர்வதற்கு முன்பே நொறுங்கிவிடும்.

இந்தக் கணக்கை ரோபோக்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். 1638-ல் வெளியான தன் நூலில் கலிலியோ விலங்குகளின் எலும்பை வைத்து இதை விளக்கினார். உடல் பெரிதாகப் பெரிதாக எலும்பு நீளத்தில் மட்டும் வளர்ந்தால் போதாது. அதைவிட வேகமாகத் தடித்தாக வேண்டும். எறும்புக்கு மயிரிழை போன்ற கால் போதும். யானைக்குத் தூண் போன்ற கால் வேண்டும்.

மனிதர்கள் முயன்று பார்க்காமல் இல்லை. 2018-ல் ஜப்பானியப் பொறியாளர்கள் 'ஜே-டைட் ரைடு' என்ற ரோபோவைச் செய்து காட்டினார்கள். உயரம் 3.7 மீட்டர். இரண்டு பேர் உள்ளே உட்காரலாம். சுமார் ஒரு நிமிடத்தில் நிஜமாகவே காராக மாறும். ஆனால் அதன் உயரம் படத்து ஆப்டிமஸில் பாதிகூட இல்லை. சண்டையும் போடாது. கலிலியோவின் கணக்கு யாரையும் விடுவதில்லை.

மதிப்பெண்: 1. முயற்சிக்காக.

சுற்று 6: கை படாமல் மாறுதல்

'ஆப்டிமஸ், உருமாறு!' என்று சொன்னால் தானே மாறும் பொம்மை வந்தால் எப்படி இருக்கும்? 2021-ல் வந்தேவிட்டது. ரோபோசென் என்ற நிறுவனம் செய்தது. உயரம் சுமார் 48 சென்டிமீட்டர். உள்ளே 5,000-க்கும் மேற்பட்ட பாகங்கள், 60 மைக்ரோசிப்கள், 27 செர்வோ மோட்டார்கள். குரல் கட்டளை கொடுத்தால் லாரி எழுந்து நின்று ரோபோவாகும், நடக்கும், குத்துவிடும். கார்ட்டூனில் ஆப்டிமஸுக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லனின் குரலிலேயே பேசும். அப்போது அதன் விலை சுமார் 700 டாலர். அன்றைய மதிப்பில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் மேல். வீட்டில் கேட்டு அடம் பிடிக்காதீர்கள்!

செர்வோ என்றால் என்ன? சாதாரண மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுற்றும், நிறுத்தினால் நிற்கும். எவ்வளவு சுற்றினோம் என்று அதற்குத் தெரியாது. செர்வோவில் மோட்டாரோடு பற்சக்கரங்களும், கோணத்தை அளக்கும் உணரியும், ஒரு குட்டி மின்சுற்றும் சேர்ந்திருக்கும். '40 பாகைக்குப் போ' என்று கட்டளை வந்தால் மோட்டார் சுற்றும். உணரி 'இப்போது 35' என்று சொல்லும். இன்னும் கொஞ்சம் சுற்றும். '41' என்றால் கொஞ்சம் பின்வாங்கும். சொன்ன இடத்துக்கும் வந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் இந்த முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர்.

பற்சக்கரங்கள் எதற்கு? குட்டி மோட்டார் மிக வேகமாகச் சுற்றும், ஆனால் பலம் போதாது. சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறைந்து திருப்பு விசை கூடும். அந்த விசைதான் கையைத் தூக்குகிறது. அதனால்தான் இத்தகைய ரோபோ நிதானமாக அசைகிறது. படத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறுகிறாரே, அதே வேகமும் அதே பலமும் ஒன்றாக வேண்டுமென்றால் மிகப் பெரிய மோட்டாரும் கனத்த பேட்டரியும் வேண்டும். அவை வந்தால் எடை கூடும். எடை கூடினால் மறுபடி கலிலியோ வந்து நிற்பார்!

மதிப்பெண்: 8.

உண்மையான போர்க்களம்: நிலா

ஆறு சுற்றும் முடிந்தன. சண்டைப் பாடங்களில் நம் வீரர் தடுமாறுகிறார். உருமாறும் பாடங்களில் ஜொலிக்கிறார். அந்த ஜொலிப்புக்கு உலகத்தில் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டால், பதில் நிலாவில் இருக்கிறது.

ஆப்டிமஸைப் பெற்றெடுத்த தகாரா நிறுவனம் 2006-ல் டோமி என்ற இன்னொரு பொம்மை நிறுவனத்தோடு இணைந்து 'தகாரா டோமி' ஆனது. ஜப்பானின் விண்வெளி அமைப்பான ஜாக்ஸாவும் இவர்களும் பிறகு ஒரு வேலையில் சேர்ந்தார்கள். நிலாவுக்குப் போகும் கலத்தில் இடம் மிகக் குறைவு. ஒவ்வொரு கிராமும் கணக்கு. அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்கி, இறங்கியதும் விரிந்து ஓடும் ரோபோ வேண்டும். சின்னதாக, இலேசாக, உடையாததாக, மடங்கி விரிவதாக ஒன்றைச் செய்ய யாருக்கு நன்றாகத் தெரியும்? பொம்மைக்காரர்களுக்குத்தான்! சோனி நிறுவனமும் தோஷிஷா பல்கலைக்கழகமும் கைகோத்தன. பிறந்தது 'சோரா-கியூ'.

சோரா-கியூ ஒரு பந்து. குறுக்களவு சுமார் 8 சென்டிமீட்டர். எடை 228 கிராம். மூலை முடுக்கு இல்லாத உருண்டை என்பதால் கொஞ்ச இடத்தில் அடங்கும். தரையில் விழுந்தால் உருளும்; எந்தப் பக்கம் விழுந்தாலும் கவலையில்லை. விழுந்து நின்றதும் பந்து இரண்டாகப் பிளக்கும். இரண்டு பாதிகளும் இரண்டு சக்கரங்களாகும். நடுவிலிருந்து கேமரா எழும். பின்னால் ஒரு வால் நீளும். வால் இல்லாவிட்டால் சக்கரம் சுற்றும்போது உடல் எதிர்ப்பக்கம் சுழன்றுவிடும். அது தரையில் ஊன்றி அதைத் தடுக்கிறது.

நிலாவில் ஈர்ப்பு நம் பூமியில் ஆறில் ஒரு பங்கு. மூட்டுகளுக்கு அது வசதி. ஆனால் சக்கரத்துக்குத் தொல்லை. எடை குறைவு என்பதால் தரையை அழுத்திப் பிடிக்க முடியாது. தரையோ மாவு போன்ற தூசி. இதற்காகச் சோரா-கியூவின் சக்கரங்களுக்கு அச்சு நடுவில் இல்லாமல் சற்றே விலகி இருக்கிறது. அதனால் அது உருண்டு ஓடாமல் உடலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, நீந்துவதுபோல முன்னேறும். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து துழாவுவது ஒரு முறை, மாற்றி மாற்றித் துழாவுவது இன்னொரு முறை.

2024 ஜனவரி 20 அன்று ஜப்பானின் 'ஸ்லிம்' கலம் நிலாவில் இறங்கியது. 2023 ஆகஸ்ட் 23-ல் நம் சந்திரயான்-3 இறங்கியபோது, நிலாவில் மெதுவாகத் தரையிறங்கிய நான்காவது நாடாக இந்தியா ஆனது நினைவிருக்கும். ஜப்பான் ஐந்தாவது. நம் பிரக்யான் ஊர்தி 26 கிலோ. சோரா-கியூ அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஸ்லிம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் சோரா-கியூவை வெளியே விட்டது. அது விழுந்தது, விரிந்தது, ஓடியது. பூமியிலிருந்து யாரும் அதை இயக்கவில்லை. தானே திரும்பிப் பார்த்துப் படம் எடுத்தது. எடுத்த படங்களில் கலம் தெரிகிற படத்தைத் தானே தேர்ந்தெடுத்தது. கூட வந்த 'லெவ்-1' என்ற துள்ளும் ரோபோ வழியாகப் பூமிக்கு அனுப்பியது. படத்தைப் பார்த்த விஞ்ஞானிகள் திகைத்தார்கள். ஸ்லிம் மூக்கு தரையில் ஊன்ற, இயந்திரக் குழாய் வானத்தைப் பார்க்கத் தலைகுப்புற நின்றது! கீழே இறங்கும்போது அதன் இரண்டு முதன்மை இயந்திரங்களில் ஒன்று செயலிழந்திருந்தது. சூரியத் தகடுகள் தவறான பக்கம் திரும்பியிருந்ததால் மின்சாரமும் கிடைக்கவில்லை. பெரிய கலம் எப்படி விழுந்து கிடக்கிறது என்பதைப் படம்பிடித்துக் காட்டியது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு உருமாறும் ரோபோ. சில நாள் கழித்து வெயில் திசை மாறியபோது ஸ்லிம் மறுபடி விழித்தது.

மடங்கி விரியும் வித்தை நிலாவோடு நிற்கவில்லை. 2021 டிசம்பர் 25-ல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடி ஆறரை மீட்டர் அகலம். ராக்கெட்டின் தலைப்பகுதிக்குள் அது அப்படியே நுழையாது. 18 துண்டுகளாகச் செய்து, இரு ஓரங்களையும் மடித்து அனுப்பி, விண்வெளியில் விரித்தார்கள்.

தீர்ப்பு

உருமாற்றம் 9, நிலை 6, வீச்சு 4, சுடுதிறன் 2, பெரிய உருவம் 1, தானே மாறுதல் 8. மொத்தம் அறுபதுக்கு முப்பது. ஆப்டிமஸ் சரியாகப் பாதி மதிப்பெண்ணில் தேறிவிட்டார்.

மதிப்பெண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சண்டைக்கு வேண்டியது அசையாத, முறியாத, கனமான உடல். உருமாற வேண்டுமென்றால் உடம்பெங்கும் மூட்டு வேண்டும். ஒவ்வொரு மூட்டும் ஒரு பலவீனமான இடம். இரண்டையும் ஒரே உடம்பில் முழுதாகக் கேட்டால் கிடைக்காது. ஆகவே அட்டைப் பெட்டி என்ன சொன்னாலும், உருமாறும் ரோபோவை வாங்கும்போது துப்பாக்கியின் நீளத்தைப் பார்க்காதீர்கள். மூட்டுகளைப் பாருங்கள். எத்தனை பாகங்கள் இரண்டு வேலை செய்கின்றன என்று எண்ணுங்கள். உதிரியாகக் கழற்றி வைக்க வேண்டியது எதுவும் இல்லாத பொம்மைதான் நல்ல பொம்மை.

வீட்டில் கை உடைந்த, கால் தொங்கிய ரோபோ ஏதாவது கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேட்டரி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அப்பாவையோ அக்காவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். உள்ளே ஊசி எங்கே, பந்து எங்கே, பற்சக்கரம் எங்கே என்று தேடிப் பார்த்து, ஒரு தாளில் வரையுங்கள். பிறகு அட்டையும் குண்டூசியும் கொண்டு நீங்களே ஒரு உருமாறும் பொருளைச் செய்து பாருங்கள். பந்து வண்டியாகலாம், பெட்டி பறவையாகலாம். செய்ததை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்ட மறக்காதீர்கள்!